மைலேஜைக் கேட்குமுன் பிரேக்கைக் கேளுங்கள்

பழைய காரைப் புதுப்பித்து ஓட்டுவது பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் மூன்று கட்டம் போட்ட ஓர் அட்டவணையில் வந்து நிற்கிறது. முதல் கட்டம்: "இப்ப வித்தா என்ன விலை போகும்?" இரண்டாவது: "லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?" மூன்றாவது: "ஏ.சி., பவர் ஸ்டியரிங் எல்லாம் போட்டாச்சா?" யூடியூப் வீடியோவானாலும் விற்பனை விளம்பரமானாலும் இதே வரிசைதான். மூன்றிலும் நல்ல மார்க் வாங்கினால் நல்ல வண்டி.

இந்த அட்டவணையே தப்பு என்பது என் கட்சி. அதில் எழுதும் எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் மூன்று கட்டங்களையும் ஒன்றாகக் கூட்டுவது தப்பு. மைலேஜுக்காகச் செய்யும் வேலை விலையைக் குறைக்கலாம். வசதிக்காகச் செய்யும் வேலை மைலேஜைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் எதற்கும் அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அப்பா ஓட்டிய அம்பாசடர் ஷெட்டில் தூங்குகிறது, ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து அதை எழுப்பலாம் என்று நினைக்கிறவர், இந்த அட்டவணையை நம்பி இறங்கினால் பணமும் போகும், வண்டியும் போகும்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசியது போலாகிவிடும். அதனால் நம் ஊரில் அதிகம் புதுப்பிக்கப்படும் மூன்று வண்டிகளை வைத்தே பார்ப்போம்: அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மூன்று வண்டி, மூன்று உடம்பு

அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் தயாரானது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதிக்கு 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் செய்தார்கள், 1089 சிசி. ஹெரால்டு நம்ம சென்னைக்காரர். டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இங்கே தயாரித்தது, 948 சிசி. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜோவானி மிக்கெலொட்டி.

எண்களைவிட முக்கியமான வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் முழுசாக முன்னால் சாய்ந்து திறக்கும், இன்ஜினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இதனால் என்ன? அம்பாசடரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் தரைத் தகடும் துரு தின்றிருந்தால், அது அழகுப் பிரச்சினை இல்லை, எலும்பு முறிவு. மேலே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, முகம் தெரிகிற மாதிரி பெயின்ட் ஏற்றினாலும் உள்ளே வண்டி நடுவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கதவை மூட லேசாகத் தூக்க வேண்டியிருந்தால், முதலில் கீழைத்தான் பார்ப்போம். கீல் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் இந்தத் துரு. ஹெரால்டில் இதே துரு வந்தால் பாடியைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சரி செய்ய வழி இருக்கிறது. ஆனால் உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டும். அம்பாசடருக்கு அந்தக் கவலை குறைவு. பல பத்தாண்டுகள் டாக்சியாகவும் சர்க்கார் வண்டியாகவும் ஓடிய புண்ணியம், புதுப்பேட்டையிலோ கொல்கத்தாவிலோ தேடினால் ஏதாவது கிடைத்துவிடும்.

"எந்த வண்டி பெஸ்ட்?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. அட்டவணையில் இது வருவதே இல்லை.

முதல் கட்டம்: விலை

புதுப்பித்த வண்டியின் மதிப்பு என்று சொல்லும்போது நாம் மூன்று வேறு விஷயங்களைக் கலக்கிறோம். போட்ட பணம் ஒன்று. விளம்பரத்தில் கேட்கும் விலை ஒன்று. கடைசியில் கைமாறிய தொகை ஒன்று. வெளிநாடுகளில் ஏலம் நடந்து, அடித்த விலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளியாகிறது. இங்கே பெரும்பாலும் வாய்வழி வியாபாரம். இணையத்தில் நாம் பார்ப்பது கேட்கும் விலையை மட்டும்தான். யாரோ ஒருவர் பத்மினிக்கு வாய்க்கு வந்ததைக் கேட்டார் என்பதால் எல்லாப் பத்மினியும் அந்த விலைக்கு ஏறிவிடாது.

போட்ட பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். டிங்கரிங், பெயின்டிங், இன்ஜின் ரீபோர், குரோம், சீட், ஒயரிங் என்று பட்டறை பில் ஏறிக்கொண்டே போகும். லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டிக்கும், லட்சக்கணக்கில் செய்யப்பட்டு ஆனால் லட்சக்கணக்கில் தயாரித்த மாடலுக்கும் சந்தை ஒரே மரியாதை தருவதில்லை. அம்பாசடர் அரிய வண்டி கிடையாது. அதன் பிற்கால மாடலில் எவ்வளவு கொட்டினாலும் அது அரிதாகிவிடாது.

அப்படியானால் மதிப்பை எது தூக்குகிறது? உலகம் முழுக்க இப்போது பதில் ஒரே பக்கமாகச் சாய்கிறது: கை வைக்காதது. அமெரிக்காவின் பெப்பிள் பீச்சில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் கண்காட்சியில், பல்லாண்டுகளாகப் பளபளவென்று புதுப்பித்த வண்டிகள்தான் முதல் பரிசை அள்ளிக்கொண்டிருந்தன. 2024இல் அந்தப் பரிசு 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 காருக்குப் போனது. புதுசாக்காமல், வயது தெரிகிறபடியே பாதுகாத்த பிரிவில் நின்ற வண்டி அது. அந்தப் பிரிவிலிருந்து ஒரு வண்டி முதல் பரிசு பெற்றது அதுவே முதல் தடவை.

புகாட்டி எங்கே, அம்பாசடர் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் சட்டமும் அதே திசையில்தான் பேசுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதிகள்படி, 50 ஆண்டு தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத, மூல வடிவில் இருக்கிற வண்டிக்குத் தனிப் பதிவு கிடைக்கும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். நிபந்தனை என்னவென்றால், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய அளவில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. மைலேஜுக்காக இன்னொரு இன்ஜினை இறக்கி வைத்தவர், அந்தக் கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம். அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: இப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவோ, கல்யாண வாடகைக்கு விடவோ முடியாது.

இரண்டாம் கட்டம்: மைலேஜ்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சவாரி, வருஷத்துக்கு இரண்டு வெளியூர்ப் பயணம், ஆக 1,500 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய பெட்ரோல் அம்பாசடர் லிட்டருக்கு 10 கி.மீ. தந்தால் 150 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு ரூ.15,000. வேறு இன்ஜின் போட்டு 13 கி.மீ. ஆக்கினால் சுமார் 115 லிட்டர், ரூ.11,500. மிச்சம் ரூ.3,500. இன்ஜின் மாற்றும் செலவு ஒன்றரை லட்சம் என்று எடுத்துக்கொண்டாலும், போட்ட காசை எடுக்க 43 வருஷம் ஆகும். அந்தக் காலத்தில் புது இன்ஜினும் பழைய இன்ஜினாகிவிடும்.

ஆக, எப்போதாவது ஓட்டும் வண்டிக்கு மைலேஜ் ஒரு கட்டமே கிடையாது. இன்ஜினை மாற்றாமலேயே குறைந்த செலவில் கிடைக்கிற மைலேஜும் இருக்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் சக்கரம், காற்றுக் குறைந்த டயர், தேய்ந்த கான்டாக்ட் பாயின்ட், சரியாகத் திரும்பாத சோக், இவை நான்கையும் ஒழுங்கு செய்தாலே லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் திரும்பி வர வாய்ப்புண்டு. விலை கூடின பிரீமியம் பெட்ரோல் ஊற்றுவதால் இந்த வண்டிகளுக்கு லாபம் இல்லை. பழைய அம்பாசடர் இன்ஜினின் அழுத்த விகிதம் 7க்கு 1 என்கிற அளவில்தான் இருக்கிறது. அதற்கு உயர் ஆக்டேன் தேவையே படாது.

எரிபொருள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலை இந்த வண்டி தாங்குமா?

இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, ஈயம் போனது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை மாதிரி இருந்தது. மெத்தை போனதும், நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டினால் வால்வு சீட் குழிந்துகொண்டே போகும். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினமான சீட் ரிங் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இரண்டு, எத்தனால் வந்தது. இப்போது 20 சதவீதக் கலப்பு. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளுக்கு 20 சதவீதக் கலப்பில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. நம் வண்டிகள் அதற்கும் முந்தைய தலைமுறை. ஆனால் மைலேஜ் குறைவதல்ல பயம். புது வண்டியில் சென்சார் கலவையைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் எத்தனாலில் ஊறி வெடிப்பு விடும். பல நாள் நின்ற டாங்கில் எத்தனால் ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் கிளிப்பும் சில ஆயிரம் ரூபாய் வேலை. இதைச் செய்யாமல் மைலேஜ் பற்றிப் பேசுவது, ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணி பிடிக்கும் என்று கேட்பது மாதிரி.

மைலேஜ் மறைக்கிற இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் இன்ஜின், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்றைய காரைவிடப் பல மடங்கு நச்சுப் புகை விடும். "பழைய வண்டியை வச்சிருக்கிறதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்ற வாதம் குறைவாக ஓட்டினால் மட்டுமே கொஞ்சம் நிற்கும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டினால் நிற்காது.

மூன்றாம் கட்டம்: நவீன வசதிகள்

ஏ.சி., பவர் ஸ்டியரிங், அலாய் வீல், பெரிய திரை எல்லாவற்றையும் 'அப்கிரேட்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். இவற்றைப் பிரிக்க இரண்டே கேள்வி போதும். உயிரைக் காக்கிறதா? வேண்டாமென்றால் திரும்பக் கழற்ற முடியுமா?

முதலில் பிரேக். இந்த வண்டிகளின் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒற்றை மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர் போட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டுகூட இதைச் செய்யலாம். வெளியே தெரியாது, கழற்றவும் முடியும். என்னைக் கேட்டால், பெயின்டுக்கு முன்னால் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

அடுத்தது சீட் பெல்ட். பழைய வண்டியில் பெல்ட் மாட்ட இடமே இருக்காது. தரைத் தகட்டில் ஓட்டை போட்டு ஒரு வாஷரை வைத்து முடுக்கினால், மோதும்போது தகடு கிழிந்து போல்ட்டோடு வந்துவிடும். பின்னால் கனமான தகடு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். தகடே துருப்பிடித்திருந்தால் அதுவும் வீண். ஸ்டியரிங் ராடு மோதலில் மடங்காது, நேராக நெஞ்சுக்கு வரும். இதையெல்லாம் தெரிந்துதான் குழந்தையை முன் சீட்டில் உட்கார வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்போது பவர் ஸ்டியரிங். சிறிய கார்களிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் யூனிட்டைப் பொருத்த, பல பட்டறைகளில் ஸ்டியரிங் ராடை வெட்டி ஒட்டுகிறார்கள். ஒட்டிய இடம் ஒருநாள் விட்டுப்போனால் கையில் வெறும் சக்கரம்தான் இருக்கும். டயரை ரேடியலாக மாற்றி, கிங்பின், புஷ் எல்லாம் சரிசெய்து, கிரீஸ் அடித்தால் பாதி கனம் குறையும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதில் வருமானம் குறைவு. ஏ.சி. போட்டால் 50 குதிரையில் சிலதைக் கம்ப்ரஸர் பிடுங்கிக்கொள்ளும். பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும், ரேடியேட்டர் பெரிசாக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கு இழுக்கும்.

எலக்ட்ரிக்காக மாற்றுவதும் இதே உரைகல்லில்தான். ஜாகுவார் நிறுவனமே 2017இல் தன் பழைய இ-டைப்பை மின்சாரக் காராக்கிக் காட்டியபோது, மூல இன்ஜின் இருந்த இடத்திலேயே, ஏறத்தாழ அதே எடையில் பாட்டரியை வைத்தது. நினைத்தால் பழையபடி திருப்பலாம் என்பதைப் பெரிதாகச் சொன்னது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, இன்ஜினை மின்மோட்டாராக மாற்றிய வண்டியை வரலாற்று வாகனமாகக் கருத முடியாது என்றது. மாற்றினாலும் திருப்பக்கூடியதாக இருக்கட்டும், கழற்றியவற்றைப் பத்திரமாக வையுங்கள் என்றது. நம் ஊரில் அதற்கு மேல் ஆர்.டி.ஓ. விஷயமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கிற தயாரிப்பாளர் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜினோ எரிபொருளோ மாறினால் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

எதிர்வாதம்

"சிங்கர் கம்பெனி மாற்றிக் கட்டின போர்ஷே 911, ஈகிள் கம்பெனியின் இ-டைப் எல்லாம் மூல வண்டியைவிட அதிக விலைக்குப் போகுதே?" என்று ரெஸ்டோமாட் ரசிகர்கள் கேட்பார்கள். போகிறது, உண்மை. ஆனால் அங்கே விலை போவது அந்தப் பட்டறையின் பெயர். ஒவ்வொரு பாகத்தையும் பொறியாளர்கள் திரும்ப வடிவமைத்து, ஆயிரக்கணக்கான மணிநேரம் உழைத்த வேலை. தெருமுனையில் ஸ்டியரிங் ராடை வெட்டி ஒட்டியதை அதோடு சேர்த்து எண்ண முடியாது.

இன்னொரு வாதம் கனமானது: "எனக்குக் கண்காட்சி வேண்டாம். தினமும் ஓட்ட வேண்டும். இது என் வண்டி." முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்டவருக்கு என் பதில், மார்க் 2 அம்பாசடரை வெட்டாதீர்கள், 1990களுக்குப் பின் வந்த இசுசு 1.8 லிட்டர் அம்பாசடரை வாங்குங்கள் என்பதுதான். 5 கியர், கூடுதல் சக்தி, சீட் பெல்ட் எல்லாம் கம்பெனியிலேயே வந்தவை. ஆர்.சி.யில் அடித்தல் திருத்தம் இல்லை. அதே முகம், அதே சோபா மாதிரி சீட். உங்களுக்கு வேண்டிய மாற்றத்தை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே செய்து வைத்திருக்கும்போது, அரை நூற்றாண்டு தாண்டிய ஒரு வண்டியை அதற்காக ஏன் அறுக்க வேண்டும்?

ஆகவே அட்டவணைக்குப் பதில் ஒரு வரிசை. வண்டியை வாங்குமுன் அடித் தகட்டைப் பாருங்கள், ஆர்.சி.யைப் பாருங்கள், 15 ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 முதல் ரூ.5,000, 20 ஆண்டு தாண்டியதற்கு 2025இல் அதுவும் இரட்டிப்பானது, அதையும் கணக்கில் வையுங்கள். வாங்கியதும் பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ், ஒயரிங், பெல்ட். பிறகு துரு. பிறகு இன்ஜின், அதே இன்ஜின். பெயின்ட் கடைசி. ஏ.சி.யும் திரையும் மிச்சக் காசு இருந்தால், ஓட்டை போடாமல்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பெட்டியில் வைத்து, என்ன கழற்றினோம், எப்போது கழற்றினோம் என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். வண்டி நமக்கு அப்புறமும் இருக்கும். அடுத்து ஓட்டப்போகிறவருக்கு அந்தப் பெட்டி தேவைப்படும்.